மாட வீதி ஓரம் ஒரு வாடகை வீடு

மயிலாப்பூரில் வீடு பார்க்கப் பிற்பகல் இரண்டு மணிக்குப் போகிறவர் ஏமாந்துவிடுவார். அப்போது கபாலீசுவரர் கோயில் நடை சாத்தியிருக்கும். பூக்கூடைகள் மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருக்கும். காய்கறி விற்கிற தெற்கு மாட வீதியில்கூட வண்டியை நிறுத்த இடம் கிடைக்கும். 'இவ்வளவு அமைதியான இடமா' என்று மகிழ்ந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவருக்கு, எங்கே குடி வந்திருக்கிறோம் என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே வீதியில் ஆட்டோ நகராமல் நிற்கும்போதுதான் தெரியும்.

பழைய நகரத்தின் நடுவில் வீடு எடுக்கிறவர் வீதியையும் சேர்த்தே வாடகைக்கு எடுக்கிறார். அதனால் முதலில் வீதியைப் பார்க்க வேண்டும், பிறகு வீட்டை, பிறகு காகிதத்தை. பலரும் வீட்டை மட்டும் பார்க்கிறார்கள். வீதியைக் குடிபோன பிறகும், காகிதத்தைச் சண்டை வந்த பிறகும் பார்க்கிறார்கள். இங்கே சொல்லப்போவது நான்கு மாட வீதிகள், சித்திரக்குளம், கச்சேரி சாலை, லஸ் வட்டாரத்தை மனதில் வைத்து. ஆனாலும் திருவல்லிக்கேணியில் தேடுகிறவருக்கும் மதுரை மாசி வீதியில் தேடுகிறவருக்கும் பெரும்பகுதி பொருந்தும். வாடகைச் சட்டம் தமிழ்நாட்டு நகரங்களுக்கெல்லாம் ஒன்றுதான்.

இந்த இடத்தை ஏன் விரும்புகிறார்கள் என்று நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. காய்கறி, மருந்து, வங்கி, பள்ளிக்கூடம், கச்சேரி, கடற்கரை எல்லாம் காலால் நடந்து போகிற தூரம். பறக்கும் ரயில் 1997 முதல் திருமயிலைக்கு வருகிறது. வயதான பெற்றோர் உள்ள குடும்பங்களுக்கு வேறு எங்கும் கிடைக்காத வசதி இது. காரை வெளியே எடுக்காமலேயே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். எடுக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

வீதிக்கு ஒரு நாட்காட்டி உண்டு

மாட வீதியை ஒட்டி வீடு எடுப்பதாக இருந்தால் பங்குனிப் பெருவிழாவை முதலில் கணக்கில் வையுங்கள். மார்ச்–ஏப்ரலில் பத்து நாள். மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். தேருக்கும் அறுபத்துமூவருக்கும் மாட வீதிகளில் வண்டி போகாது. அன்றைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் எந்தச் சந்து வழியாக வெளியேறுவது என்பதை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். அன்று வீட்டைச் சுற்றி நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமுமாக இருக்கும். வீதியைப் பார்த்த பால்கனி இருந்தால், அதுவரை தொலைபேசியில்கூடப் பேசாத உறவினர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள்.

அதோடு முடிவதில்லை. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரும் எருக்க மாலையும், நவராத்திரிக்கு வடக்கு மாட வீதி நெடுகக் கொலுப் பொம்மைகளும் வந்துவிடும். மார்கழியில் விடிவதற்கு முன்பே பஜனைக் கோஷ்டிகள் வீதியைச் சுற்றி வரும். பாபநாசம் சிவன் நடத்திய பஜனையின் தொடர்ச்சி அது. சபாக்களில் சீசன் தொடங்கினால் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். தை மாதத்தில் தெப்பம். இவற்றை ரசிக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிற ஐ.டி. ஊழியருக்கு இதைவிடக் கஷ்டமான இடமும் இல்லை. வாடகை இருவருக்கும் ஒன்றுதான்.

ஒலிபெருக்கி விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தரலாம். நடைமுறையில், விழா நாளில் புகார் சொல்லி ஒலியைக் குறைத்தவர்கள் குறைவு. ஆகவே கோயில் வீதிக்கு நேர் எதிரான முன்பக்க வீட்டைவிட, அடுத்த சந்தில் பின்பக்கமாக உள்ள வீடு பலருக்கு ஒத்துவரும். இரண்டு நிமிட நடையில் பாதிச் சத்தம் குறைந்துவிடுகிறது.

மூன்று வேளையில் வீதியைப் பாருங்கள்: காலை ஆறு மணிக்குத் தண்ணீருக்காக, வெள்ளிக்கிழமை மாலை கூட்டத்துக்காக, இரவு பத்து மணிக்குக் குப்பைக்காக. கடைகள் மூடிய பிறகு குப்பை எங்கே குவிகிறது, எத்தனை மணிக்கு அள்ளுகிறார்கள் என்பது பகலில் தெரியாது. கீழே கல்யாண மண்டபமோ ஓட்டலோ இருந்தால் பின்பக்கச் சமையல் புகை எந்த ஜன்னலை நோக்கிப் போகிறது என்றும் கவனியுங்கள்.

இன்னொன்று மெட்ரோ. இரண்டாம் கட்டத் திட்டத்தில் மாதவரம்–சிப்காட் வழித்தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடமும் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கின்றன. முடிந்தால் மயிலாப்பூரின் போக்குவரத்தே மாறிவிடும். முடிகிற வரை தடுப்பு வேலி, தூசி, ஒருவழிப் பாதை, இரவில் இயந்திரச் சத்தம். லஸ் பக்கமும் ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கமும் வீடு பார்க்கிறவர்கள் வேலை நடக்கிற இடத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று நடந்தே அளந்துகொள்வது நல்லது. உரிமையாளர் 'மெட்ரோ வரப்போகுது சார்' என்று வாடகையை ஏற்றிச் சொன்னால், வந்த பிறகு தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

வீட்டுக்குள்

இங்கே வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. பழைய ஓட்டு வீட்டையோ மாடி வீட்டையோ பிரித்துக் கொடுக்கிற போர்ஷன்; 1970கள், 80களில் கட்டிய, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பு; பழையதை இடித்துவிட்டுக் கட்டிய புதிய ஃப்ளாட். மூன்றாவது வகையில் பார்ப்பதற்கு அதிகமில்லை. வாடகை கூடுதல், மற்றதெல்லாம் சென்னையின் எந்தப் பகுதியிலும் இருக்கிற மாதிரிதான். கவனம் தேவைப்படுவது முதல் இரண்டில்.

போர்ஷனில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று இருந்த ஒரே வீட்டை மூன்று நான்கு குடித்தனமாக வெட்டியிருப்பார்கள். கழிப்பறை தனியா பொதுவா, துணி உலர்த்த மொட்டை மாடி யாருக்கு, தெருக்கதவை இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், தாமதமாக வந்தால் யார் திறப்பார்கள் என்பதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும். கூரை மெட்ராஸ் டெரஸாக இருக்கலாம். மர உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டாக அடுக்கிப் போடுகிற பழைய முறை அது. நன்றாகப் பராமரித்தால் கான்கிரீட்டைவிடக் குளுமையாக இருக்கும். பராமரிக்காவிட்டால் மழைநீர் இறங்கி உத்தரம் உளுத்துப்போகும். நிமிர்ந்து பாருங்கள்: உத்தரம் சுவரில் நுழைகிற இடத்தில் கறை இருக்கிறதா, மரத்தூள் உதிர்கிறதா, செங்கல் வரிசை எங்காவது தொங்குகிறதா. வீடு முழுக்கப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். கறையை மறைக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பழைய மாடிக் குடியிருப்புகளில் தொந்தரவு கம்பியில் இருக்கும். கடல் ஒரு கல் தொலைவில். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்க, துரு பருத்துக் காரையைப் பெயர்த்துவிடும். பால்கனியின் அடிப்பகுதி, மாடிப்படியின் அடிப்பகுதி, கழிப்பறைக் கூரை ஆகிய மூன்று இடங்களில் கம்பி வெளியே தெரிந்தால், குழந்தை உள்ள வீட்டார் அந்தக் கட்டிடத்தை விட்டுவிடலாம். மின்சாரத்தில், பழைய வயரிங் இரண்டு ஏ.சி.யைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துக் கேட்பதற்குச் சில நூறு ரூபாய் செலவழிப்பது வீணல்ல.

இதே வகைக் குடியிருப்பில் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: இடிக்கப்போகிறார்களா? நாற்பது வருடக் கட்டிடத்தைக் கட்டுநரிடம் கொடுத்துப் புதிதாகக் கட்டி வாங்குவது மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு நடக்கிறது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். வாடகைதாரரை யாரும் கேட்க மாட்டார்கள். பெயிண்ட் அடித்து, அலமாரி செய்து, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்த ஆறாம் மாதத்தில் 'காலி பண்ணுங்க' என்று வரும். உரிமையாளர் இதைச் சொல்லாமல் இருக்கலாம். சங்கத்துச் செயலாளரிடமோ கீழ்வீட்டு மாமியிடமோ கேட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி யாரிடமும் வாயால் கேட்காதீர்கள். குழாயைத் திறந்து பாருங்கள். 'தண்ணிக்குப் பஞ்சமே இல்லை' என்று சொல்லாத உரிமையாளரை நான் பார்த்ததில்லை. நிலத்தடித் தொட்டிக்கு மெட்ரோ வாட்டர் எப்போது வருகிறது, போர் தண்ணீர் உப்பா நல்லதா, மேல்தொட்டி எத்தனை வீட்டுக்குப் பொது, மோட்டாரை யார் போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாலே போர் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது எந்தக் கட்டிடம் லாரித் தண்ணீரில் ஓடியது என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். லாரிக்கான பணத்தை வாடகைதாரர் தர வேண்டுமா, பராமரிப்புக் கட்டணத்திலேயே அடங்குமா என்பதை இப்போதே பேசி வையுங்கள். தரைத்தளம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்றும், சாக்கடை எதிர்த்து வருமா என்றும் கேளுங்கள். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு நிறம் மாறியிருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது.

வீடு யாருடையது, யாருக்குக் கொடுப்பார்கள்

மயிலாப்பூருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள பல கட்டிடங்கள் கோயில் நிலத்தில் நிற்கின்றன. மனை கோயிலுக்கு, கட்டிடம் குத்தகைக்காரருக்கு என்ற அடிமனை ஏற்பாடு தலைமுறைகளாக நடந்து வருகிறது. உங்களுக்கு வீடு விடுகிறவர் நில உரிமையாளராக இல்லாமல் கோயிலின் குத்தகைதாரராக இருக்கலாம். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டப்படி கோயில் சொத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையரின் அனுமதி வேண்டும். வாடகையை நியாய வாடகையாக நிர்ணயிப்பார்கள். குத்தகை முடிந்தும் இருப்பவரை ஆக்கிரமிப்பாளராகக் கருதி வெளியேற்ற அதிகாரமும் உண்டு. உங்கள் வீட்டுக்காரருக்கும் அறநிலையத் துறைக்கும் பாக்கி வழக்கு நடந்தால், மாதா மாதம் ஒழுங்காக வாடகை கொடுத்தும் ஒரு நாள் உங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பொது வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாமும் அந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று நம்பியிருக்கவும் முடியாது.

எனவே சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை இரண்டிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெயர் வேறாக இருந்தால் உறவு என்ன, அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வீடுகளில் அண்ணன் தம்பி பாகம் பிரியாமல் இருப்பது சகஜம். ஒருவர் அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார், இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து வந்து 'யாரைக் கேட்டுக் குடி வந்தீர்கள்' என்பார். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வாடகைக்குப் போகிறவர் இதைச் செய்வது அதிகப்படி என்று தோன்றும். பல லட்சம் கொடுத்து லீசுக்குப் போகிறவருக்கு இது குறைந்தபட்சம்.

லீசு என்று இங்கே சொல்வது மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டு இருப்பதை. காலி செய்யும்போது தொகை அப்படியே திரும்பி வர வேண்டும். வராத கதைகள் சென்னையில் ஏராளம். வீட்டை மாத வாடகைக்கு எடுத்த இடைத்தரகர் தன்னை உரிமையாளர்போல் காட்டி அதையே லீசுக்கு விட்டுவிட்டு மறைந்துபோவது ஒரு வகை. வங்கிக் கடன் கட்டாததால் வீடே ஏலத்துக்கு வந்துவிடுவது இன்னொரு வகை. சட்டப்படி இது சுவாதீன அடமானம். பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் உங்கள் கையில் இருப்பது பலவீனமான ஆதாரம். என் கருத்தைச் சொல்வதானால், உரிமையாளரை நேரில் தெரியாமலும் பதிவு செய்யாமலும் லீசுக்குப் போகவே கூடாது.

இனி கசப்பான விஷயம். மயிலாப்பூரில் 'வெஜிடேரியன் ஒன்லி' என்ற பலகை இன்றும் தொங்குகிறது. தொலைபேசியில் முதலில் பெயரைக் கேட்பார்கள், பிறகு முழுப் பெயரை, பிறகு சொந்த ஊரை. எதற்காகக் கேட்கிறார்கள் என்பது இரு பக்கமும் தெரிந்த விஷயம். கணவரை இழந்தவர், தனியாக இருக்கிற பெண், கல்யாணமாகாத இளைஞர், இஸ்லாமியர், தலித் என்று பலருக்கும் 'வீடு முடிஞ்சுடுத்து' என்ற பதில் பழகியிருக்கும். சாந்தோம் தேவாலயமும், 1516ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கும் லஸ் மாதா கோயிலும், கச்சேரி சாலைப் பள்ளிவாசலும், நொச்சிக்குப்பமும் சேர்ந்ததுதான் இந்தப் பகுதி. ஒரு சாராருக்கு மட்டும் அது எந்தக் காலத்திலும் சொந்தமாக இருந்ததில்லை. ஆனாலும் வீடு தேடி அலைகிறவர் நீதிக்காகக் காத்திருக்க முடியாது. உணவு விஷயத்தைத் தொலைபேசியிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மறைத்துக் குடிபோனால் மீன் வாங்குகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். சாந்தோம், லஸ், மந்தைவெளிப் பக்கங்களில் இந்தக் கேள்வி சற்றுக் குறைவு.

காசும் காகிதமும்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது வேதவாக்காக இருந்த காலம் உண்டு. 2017ஆம் ஆண்டு நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் அதை மாற்றியது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது. 'வேறுவிதமாக ஒப்பந்தம்' என்ற அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் ஐந்து, ஆறு மாதம் கேட்கிறார்கள். நீங்கள் மூன்றில் ஆரம்பித்துப் பேரம் பேசுங்கள். சட்டம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்து பேசினால் குரலே மாறும். தரகர் வாங்குவது வழக்கமாக ஒரு மாத வாடகை.

பதினோரு மாத ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது என்றால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இன்றைய வாடகைச் சட்டத்திடம் இந்தத் தந்திரம் செல்லாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவெண் வாங்க வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 'நமக்குள்ள எதுக்கு சார் அக்ரிமென்ட்' என்று இனிமையாகப் பேசுகிறவரிடம்தான் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டிக் குடியிருப்பவரை வெளியேற்றக் கேட்கவும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. வாய்ச்சொல்லில் முப்பது வருடம் இருந்த பழைய குடித்தனக்காரர்கள் பலர் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தில் வாடகை எப்போது, எவ்வளவு ஏறும் என்று எழுதிவிட்டால் நடுவில் தகராறு வராது. எழுதாவிட்டால் உயர்த்துவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். பழுது விஷயத்தில் சட்டத்தின் அட்டவணையே பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது: கட்டிடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்கம்பி மாற்றுவது உரிமையாளர் பாடு, குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, வடிகால் அடைப்பு உங்கள் பாடு. உரிமையாளர் வீட்டுக்குள் வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். கீழ்வீட்டிலேயே உரிமையாளர் குடியிருக்கிற மயிலாப்பூர் வீடுகளில் இந்த இரண்டு விதியையும் அச்சில் காட்டினால் சிரிப்பார்கள். இருந்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

மின்கட்டணத்தில் பெரும்பாலோர் தெரியாமல் பணம் இழக்கிறார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறும். உங்களுக்குத் தனி இணைப்பு இருந்தால் இந்தச் சலுகை முழுவதும் உங்களுக்கு வரும். ஒரே இணைப்பில் நான்கு போர்ஷன்களை ஓட்டிவிட்டு, உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலித்தால் இலவச யூனிட்டும் போய் உயர்ந்த விலையும் உங்கள் தலையில் விழும். வாடகை ஐந்நூறு ரூபாய் கூடுதலானாலும் தனி மீட்டர் உள்ள வீடே கோடையில் மலிவு.

வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கிறவர், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். சிலர் தர மறுப்பார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டால் மறுப்பின் விலையை வாடகையில் குறைத்துக்கொள்ளலாம். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் வரியைப் பிடித்துச் செலுத்துகிற பொறுப்பு தனிநபர் வாடகைதாரருக்கும் உண்டு. வாடகைதாரர் விவரப் படிவத்தைக் காவல் நிலையத்தில் கொடுப்பதற்காக உரிமையாளர் ஆதார் நகலும் புகைப்படமும் கேட்பார். எதற்காகத் தருகிறீர்கள் என்பதை நகலின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

குடிபோகிற அன்று, சாமான் இறங்குவதற்கு முன், ஒவ்வொரு அறையையும் படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்: சுவர் விரிசல், உடைந்த டைல், மீட்டர் எண். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் எழுதாத வழக்கம். அதைக் கொடுப்பீர்களா இல்லையா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். காலி செய்யும்போது அறிவிப்புக் காலத்தை முன்பணத்தில் கழித்துக்கொள்வதா, வாடகையாகக் கொடுப்பதா என்பதையும் எழுதுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். சாவியைக் கையில் கொடுக்கும்போதே கடைசி மின்கட்டண ரசீதின் நகலையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் அந்த ஒரு மாதம் அன்றிலிருந்து கணக்காகும்.